கைப்பேசிக் கடை பதில்கள்: கணக்கு யார் பெயரில்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைவீதியில் கைப்பேசி, கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பா தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு தவறிவிட்டார். பழைய லயத்து வீடு, தோட்டத்துக் கோயில் திருவிழா, அம்மாவோடு எடுத்துக்கொண்டது என்று எல்லாப் படங்களும் அவருடைய போனில் இருக்கின்றன. திரையைத் திறக்கும் கோடு எங்களுக்குத் தெரியும். ஜிமெயில் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. "போனை ரீசெட் பண்ணி என் பையனுக்குக் கொடுத்துவிடலாம், படமெல்லாம் கூகுளில் இருக்கும்" என்கிறான் தம்பி. செய்யலாமா அண்ணே?
– வாசகி, கோலகங்சார்

பதில்: வேண்டாம்மா. முதல் வேலையாகத் தம்பியிடமிருந்து அந்தப் போனை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு திறந்தபடியே இருக்கும் அந்தப் போன்தான் இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாவி. ரீசெட் செய்தால் அது அப்பாவின் பாஸ்வேர்டைக் கேட்டு முரண்டு பிடிக்கலாம். அப்புறம் படமும் இருக்காது, பையனுக்குப் போனும் இருக்காது.

"கூகுளில் இருக்கும்" என்று தம்பி சொல்வதை எதை வைத்து நம்புவது? கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் வட்டத்தைத் தட்டுங்கள். பேக்கப் முடிந்ததா, நிறுத்தி வைத்திருக்கிறதா என்று அங்கே தெரியும். எங்கள் கடைக்கு வரும் பெரியவர்களின் போன்களில் பெரும்பாலும் அது நிறுத்தித்தான் இருக்கிறது. அப்படியானால் படம் போனில் மட்டும்தான் இருக்கிறது. பேக்கப் ஓடினாலும், வாட்சப்பில் வந்த படங்கள் வேறு ஃபோல்டரில் இருக்கும். நாம் தனியாகச் சொன்னால்தான் அதையும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு கேபிளைப் போட்டுக் கணினியில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். கேமரா ஃபோல்டர், வாட்சப் ஃபோல்டர் இரண்டும் முக்கியம். கூகுளில் மட்டும் இருக்கும் படங்களை அந்தப் போனிலிருந்தே உங்கள் கணக்குக்குப் பகிருங்கள்.

அடுத்தது அப்பாவின் எண். பிரிபெய்டு என்றால் காலாவதி ஆகாமல் பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டு வையுங்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் கூகுள் பெரும்பாலும் அந்த எண்ணுக்கோ அந்தப் போனுக்கோதான் கேள்வி அனுப்பும். எண்ணை விட்டுவிட்டால் கொஞ்ச காலத்தில் அது வேறு யாருக்காவது போய்விடும். மரணச் சான்றிதழோடு போய் உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

ஆறப்போடாதீர்கள். இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. போனே திறக்கவில்லை என்றால், இறந்தவர் கணக்கு குறித்துக் குடும்பத்தார் கூகுளிடம் விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அதில் பாஸ்வேர்டு தரமாட்டார்கள். பத்திரங்களைப் பார்த்து, சில நேரம் உள்ளே இருப்பதைத் தருவார்கள். அந்த வழியை நம்பிப் போனைக் கோட்டை விடாதீர்கள்.

இந்த மாதிரிக் கேள்வி நிறைய வருவதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நம் ஊரில் பெரியவர்களின் ஜிமெயிலை அவர்களே திறப்பதில்லை. போன் வாங்கிய கடையில், கல்லாவில் நிற்கும் பையன் இரண்டு நிமிடத்தில் திறந்து, பெயரும் ஏதோ நாலு எண்ணும் போட்டு, பாஸ்வேர்டைப் போன் பெட்டியின் மூடியில் எழுதிக் கொடுப்பான். தீபாவளிக்கு வீடு கழுவும்போது அந்தப் பெட்டி குப்பைக்குப் போய்விடும். என் கடையில் இப்போது கணக்கு திறந்தால், 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் மின்னஞ்சல், பாஸ்வேர்டு, எந்த எண்ணோடு இணைத்தது என்று அவர்கள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும். பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலிலேயே அதையும் வைக்கச் சொல்கிறேன். பாஸ்வேர்டைத் தாளில் எழுதாதே என்று கணினி படித்தவர்கள் திட்டுவார்கள். அலுவலகத்துக்கு அது சரி. எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்து திருடுகிறவன் உங்கள் அலமாரியைத் திறக்க வரமாட்டான். ஐபோன்காரர்கள், தங்களுக்குப் பிறகு யார் திறக்கலாம் என்று செட்டிங்ஸில் இப்போதே ஒருவரைக் குறிப்பிட்டு வைக்கலாம். கூகுளிலும், கணக்கு பல மாதம் அசையாமல் கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று சொல்லி வைக்க இடம் இருக்கிறது.

கேள்வி: இரவு முழுவதும் சார்ஜ் போட்டுத் தூங்கினால் வெடிக்குமா?
– மாணவர், தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: நிறைந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரிக்கு எமன் சூடுதான். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், தரச் சான்றான சிரிம் முத்திரை இல்லாத மூன்று வெள்ளி சார்ஜரை வாங்காதீர்கள். பேட்டரி தேய்வது இயல்பு. ஐபோன் 14 வரையிலான போன்களில் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15-க்கு அது 1,000 சுற்று. நாலு வருடப் போன் சாயங்காலத்துக்குள் செத்துவிடுகிறது என்றால் பேட்டரியை மாற்றுங்கள். போனை மாற்ற வேண்டாம்.

கேள்வி: என் பாட்டிக்கு வாட்சப்பில், "அரசாங்கத்தின் சாரா உதவி 100 வெள்ளி இன்னும் நீங்கள் எடுக்கவில்லை, இதை அழுத்திப் பதிவு செய்யுங்கள்" என்று வந்தது. அழுத்திவிட்டார். ஏதோ ஆப் இறங்கியிருக்கிறது. இப்போது போனைத் தொடவே பயப்படுகிறார். என்ன செய்வது?
– பேரன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, இதைப் படிப்பதற்குள் நீ செய்திருக்க வேண்டியதை முதலில் சொல்கிறேன். டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடு. வேறொரு போனிலிருந்து பாட்டியின் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல். பணம் போயிருந்தால் 997-க்கு அழை. அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். பிறகு போலீஸ் புகார். படங்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுதாக அழித்துவிடு. பாட்டியைத் திட்டாதே. திட்டினால் அடுத்த முறை உன்னிடம் சொல்லமாட்டார். நேரத்தோடு சொன்னால்தான் பணத்தைப் பிடித்து நிறுத்த வழி இருக்கும்.

இனி, நடந்தது என்ன. 2025 ஆகஸ்டு 31-இல், 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லோருக்கும் அரசாங்கம் ஒருமுறை 100 வெள்ளி சாரா உதவி கொடுத்தது. அது நேராக மைகார்டு என்ற அடையாள அட்டையில் சேர்ந்தது. பதிவும் தேவைப்படவில்லை, லிங்க்கும் வரவில்லை. கடைக்குப் போய் மைகார்டைக் காட்டி அரிசி, எண்ணெய் வாங்கினோம், அவ்வளவுதான். ஊரே பேசிய விஷயம் என்பதால்தான் திருடர்களும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

இறங்கியது ஏபிகே கோப்பாக இருக்கும். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வருவதும் இதே சரக்குதான். பிளே ஸ்டோரைத் தாண்டி வருவது அது. உள்ளே நுழைந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் 'சரி' அழுத்துவார்கள். அப்புறம் வங்கி அனுப்பும் ஓடிபி என்ற ஒருமுறை ரகசிய எண் பாட்டியின் கண்ணில் படுவதற்கு முன்னால் திருடனுக்குப் போய்விடும். இதனால்தான் 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுவிட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படியும், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கருவியில் மட்டும் ஒப்புதல் தரும்படியும் வங்கிகளுக்குச் சொன்னது. புதுப் போனில் வங்கி ஆப்பைப் போட்டால் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவின் பேரில்தான். கடைக்கு வந்து அதற்காக என்னிடம் சண்டை போடுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

பாட்டியின் வாட்சப்பில் ஆறு இலக்க இரண்டாம் பூட்டையும் போட்டு வை. எண்ணை அந்த 555-இல் எழுதிவிடு.

கேள்வி: மகன் ஐந்தாம் படிவம். அவனுடைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. இனி வேலைக்கு ஆகாது, புதிது வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். 2,000 வெள்ளிக்கு எங்கே போவேன்?
– செம்பனைத் தோட்ட லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, அது ஓடும். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. கணினி நிற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் 2026 அக்டோபர் வரை கூடுதலாக ஓராண்டுத் திருத்தம் காசில்லாமல் கிடைக்கும். அந்தக் கணக்கு மகன் பெயரில் இருக்கட்டும். கடைக்காரர் பெயரில் வேண்டாம்.

விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. ஏறத்தாழ 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் அதில் அடிபட்டுப் போகும். உங்கள் மகனுக்கு வேண்டியது டெலிமா என்ற பள்ளிக் கற்றல் தளம், கூகுள் கிளாஸ்ரூம், கட்டுரை தட்டச்சு. இதெல்லாம் பிரவுசரில் நடக்கிற வேலை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் பழைய கணினியில் நிம்மதியாக ஓடும், அதற்குக் காசும் இல்லை. உள்ளே இன்னும் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, சுற்றாத வேகமான வட்டான எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். மெதுவாக இருக்கிறது என்று தூக்கிப்போடும் கணினிகளில் பாதிக்கு அதுதான் மருந்து. எஸ்பிஎம் தேர்வு முடியட்டும். மேலே என்ன படிக்கப் போகிறான் என்று தெரிந்த பிறகு வாங்குவது புத்திசாலித்தனம்.

கேள்வி: முன்பு செம்புக் கம்பி இருந்தபோது இடி இடித்தால் மோடம் போகும். ஃபைபர் போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்றார்கள். போன மாதம் இடித்த இடியில் ரவுட்டர், சிசிடிவி பெட்டி, டிவி மூன்றும் போய்விட்டன. ஃபைபரிலும் இடி வருமா?
– லிந்தாங் சாலைத் தோட்டவாசி

பதில்: ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடாது. அதுவரை அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அந்த ரவுட்டர் எதில் ஓடுகிறது? சுவரில் இருக்கும் பிளக்கில். இடி விழும்போது மின்கம்பி வழியாக வரும் எகிறல் அந்த அடாப்டரைத் தாண்டி உள்ளே வரும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அடாப்டர் மேல் சந்தேகம் இல்லை. மூன்றும் சேர்ந்து போயிருக்கின்றன. கேமரா எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? கூரை விளிம்பில், சிமெண்டுக் கம்பத்தில், அல்லது கோழிக்கூண்டு பக்கம் இருக்கும். அங்கிருந்து நீளமாக ஒரு செம்புக் கம்பி வீட்டுக்குள் வருகிறது. பக்கத்தில் எங்கே இடி விழுந்தாலும் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் ஏறும். கேமரா கம்பி சிசிடிவி பெட்டிக்கு, பெட்டியிலிருந்து லேன் கேபிள் ரவுட்டருக்கு, இன்னொரு கேபிள் டிவிக்கு. ஒன்றைத் தொட்டு ஒன்று போயிருக்கும். ரவுட்டரைத் திறந்து பாருங்கள், அல்லது கொண்டு வாருங்கள், நான் திறக்கிறேன். லேன் துளைக்குப் பின்னால் சின்னக் கறுப்புக் கட்டி ஒன்று இருக்கும். அதன் காலைச் சுற்றிப் பலகை பழுப்பேறி, மூக்கில் ஏறுகிற கருகல் வாடை வந்தால் கேமரா பக்கமிருந்து வந்தது. அடாப்டர் நுழையும் பக்கம் கருகியிருந்தால் மின்கம்பி வழியாக வந்தது. கரண்டு போட்டுப் பார்ப்பதற்கு முன் மூக்கைத்தான் வைப்பேன்.

பேராக்கில் இடி அதிகமாக இருப்பது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்தில். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர். அந்த மாதங்களில் பின்னேரம் மேகம் கட்டினால், சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை இடியின் மின்சாரம் தாண்டும். கேமரா கம்பியையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். டிவியின் ஆண்டெனா அல்லது தட்டுக் கம்பியும் அப்படித்தான். இடி தலைக்கு மேல் வந்த பிறகு போய்த் தொடாதீர்கள். போனால் ரவுட்டர் போகட்டும்.

மின்னல் தடுப்பு பிளக் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் வீட்டில் எர்த் சரியாக இருந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். பழைய லயத்து வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருப்பதைப் பார்க்கிறேன். முதலில் ஒரு வயர்மேனை அழைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த பிளக்குக்கும் ஆயுசு உண்டு. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் பிளக்தான்.

கேள்வி: தாத்தாவின் பழைய 3ஜி போனில் டேட்டா வரவே இல்லை. சிம் மாற்றியும் பார்த்தோம்.
– வாசகர், சலாக் உத்தாரா

பதில்: மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியில் மூடினார்கள். பேசுவதற்கு 2ஜி இருக்கிறது. வாட்சப் வேண்டுமென்றால் 4ஜி போன்தான். தாத்தா கேட்டாரா, நீங்களாக வாங்கித் தருகிறீர்களா?

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்ய எந்த விசைப்பலகை நல்லது? மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: போனில் என் ஓட்டு செல்லினத்துக்கு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கியது, 2005-இல் வந்தது. நம்மவர் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்த சொல்லை ஊகிப்பதில் எனக்குப் பிடித்தது அதுதான். ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, ஏதும் இறக்க வேண்டாம்.

எந்த முறை என்பதில் ஆசிரியர்களோடு எனக்குச் சின்ன வழக்கு உண்டு. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முறை பெரியவர்களுக்கு உடனே வரும். பிள்ளைகளுக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தரமாக ஏற்கப்பட்ட முறை அது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். புள்ளி பல இடங்களில் தானே விழும். ஒரு வாரம் கை தடுமாறும். அப்புறம் தமிழை ஆங்கில எழுத்தில் நினைத்துப் பார்க்கும் பழக்கமே வராது.

கேள்வி: காலையில் பசார் பக்கம் இடியாப்பமும் அப்பமும் விற்கிறேன். சில்லறை இல்லை என்று பிள்ளைகள் க்யூஆர் கேட்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் மகன், தன் கணக்கிலேயே எடுத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறான். வாரக் கடைசியில் மொத்தமாக எனக்கு அனுப்புவான். இது போதும்தானே தம்பி?
– இடியாப்பக்கார அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மகனைக் குறை சொல்லவில்லை அக்கா, நல்ல பிள்ளை. ஆனாலும் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். யார் காசு கொடுத்தார்கள், கொடுக்காமல் போனார்கள் என்று அந்த நிமிடமே உங்களுக்குத் தெரிய வேண்டாமா? சத்தம் மகனின் போனில் கோலாலம்பூரில் அடிக்கிறது. இங்கே ஒரு பையன் பழைய ரசீதுப் படத்தைக் காட்டிவிட்டு நாலு அப்பத்தை வாங்கிக்கொண்டு போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, வியாபாரம் உங்களுடையது. வருமானம் அவன் கணக்கில் ஏறுகிறது. நாளைக்குப் புது அடுப்பு, தள்ளுவண்டி என்று, அரசாங்கத்தின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குனில் கடன் கேட்கப் போகிறீர்கள். இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்பூமி என்று ஒரு திட்டம் அவர்களிடம் உண்டு. வியாபாரம் நடப்பதற்கு என்ன காட்டுவீர்கள்? உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால், தினமும் விழும் ஒன்றரை வெள்ளியும் இரண்டு வெள்ளியும்தான் சாட்சி.

மைகார்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு சேமிப்புக் கணக்கு திறங்கள். அதிலேயே டூயிட்நவ் க்யூஆர் எடுக்கலாம்; எந்த வங்கி ஆப்பிலிருந்தும், வாலட்டிலிருந்தும் அதில் கட்டலாம். அட்டையை மேசையில் பசை போட்டு ஒட்டாமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுப் போன அட்டைமேல் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகிறவன் இருக்கிறான். கட்டுகிறவரிடம், "என் பேர் வருதா பாரு" என்று கேட்கும் பழக்கம் வரட்டும். மழைநாளில் லைன் விழுந்தால் பழையபடி சில்லறைதான். டப்பாவைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இணையக் கடையான ஷோப்பியில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் திரைக் கண்ணாடிக்கு உங்கள் கடையில் 25 வெள்ளி கேட்கிறீர்களே, நியாயமா?
– பெயர் வேண்டாம் என்றவர், சுங்கை சிப்புட்

பதில்: பெயர் வேண்டாம் என்றாலும் யாரென்று தெரிகிறது. நியாயம்தான். கண்ணாடியின் விலை அதில் கொஞ்சம். மீதி, ஒரு தூசி விழாமல் ஒட்டுவதற்கு. ஓரத்தில் குமிழி வந்தால் மறுநாள் வேறு கண்ணாடி போட்டுத் தருவதற்கு. உங்கள் கை நடுங்காது, வீட்டில் காற்றாடியை அணைத்துவிட்டு ஒட்டுவேன் என்றால் ஷோப்பியிலேயே வாங்குங்கள். இரண்டாக வாங்குங்கள். முதலாவது வீணாகும்.